புதன்கிழமைகளில் மட்டும் பார்த்த முதுகு

1

இந்தக் கதை என் தலையில் உதித்தது இல்லை. இன்னொருத்தியின் முதுகில் இருந்தது. ஐந்து வருடம், வாரத்துக்கு ஒருமுறை, நானே அதைத் தேய்த்துத் தேய்த்து மறைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் ஒளித்துவைத்த மாதிரி ஆகும்.

நான் சம்சொன்போ துறைமுகத்தை ஒட்டிய ஒரு பொதுக் குளியலகத்தில், பெண்கள் பகுதியில், அழுக்குத் தேய்க்கிறவள். பெயர் மால்னியோ. (கடைசிப் பெண் என்று அர்த்தம். எனக்குப் பிறகு மூன்று தங்கைகள் பிறந்தார்கள்.) வெந்நீர்த் தொட்டியில் ஊறிவிட்டு வந்து என் கட்டிலில் படுப்பார்கள். நான் பச்சை நிறச் சொரசொரப்புத் துணியுறையைக் கையில் மாட்டிக்கொண்டு கழுத்திலிருந்து குதிகால்வரை தேய்ப்பேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது ஐம்பத்தொன்பதாவது வயதில். ஆகவே முகங்களைவிட எனக்கு முதுகுகள்தான், சொற்களைவிடத் தோல்தான் —

[இதை இங்கேயே விடுகிறேன். வாக்கியம் அழகாக முடியப் பார்த்தது. அதனாலேயே அதன்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை.]

2

மூன்று ஆரம்பங்கள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "பில்சுன் என்ற மீன்காரிக்கு ஐம்பத்திரண்டு வயதில் உடம்பெங்கும் சிவப்புத் தடிப்புகள் வரத் தொடங்கின." உண்மைதான். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்கிறது.

இரண்டு: "அந்தப் புதன்கிழமை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது." பெய்ததா என்பது எனக்குத் தெரியாது. குளியலகத்தில் ஜன்னல் கிடையாது.

மூன்றாவது பில்சுன் வாயால் தொடங்குகிறது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

"அக்கா, நீ தேய்க்கிறியா, செதில் உரிக்கிறியா? அந்தத் தோல் டாக்டர் கேக்குறாரு, யாரும்மா உங்கள இப்படிப் போட்டு உரிச்சதுன்னு."

"உரிச்சா உள்ள நல்ல சதை இருக்கும்னு நெனச்சேன்."

"இருந்தா வித்திருக்க மாட்டேனா."

இப்படித்தான் பேசுவோம். பில்சுன் குப்புறப் படுத்துக்கொண்டு, கன்னத்தைக் கட்டிலில் அழுத்தி, பாதி வாயால் பேசுவாள். சந்தையில் அவளுக்குச் சின்னக் கடை, கானாங்கெளுத்தியும் வாளைமீனும். தடிப்பு வந்த நாளிலிருந்து எல்லோரும் "மீன் ஒத்துக்கலை" என்றார்கள். மீனை விட்டாள். முட்டையை விட்டாள். பன்றிக்கறியை விட்டாள். மிளகாய்கூடப் போடாத வெள்ளை முட்டைக்கோஸ் ஊறுகாயும் சோறும் தின்றுகொண்டு நாள் முழுக்க மீன் வெட்டினாள். தடிப்பு வந்துகொண்டேதான் இருந்தது. வரும், ஒரு நாள் இருக்கும், தடம் தெரியாமல் போகும், வேறிடத்தில் வரும். கூடவே மத்தியானத்துக்கு மேல் காய்ச்சல். பனிக்கட்டி கொட்டிய மேசைக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு நிற்கிற மீன்காரியிடம் யார் மீன் வாங்குவார்கள்? பாதிநாள் பக்கத்துக் கடைக்காரியிடம் கடையை ஒப்படைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

போன வருடம் கோடையில் சொன்னாள்: "இன்னும் ஒரே ஒரு ஆஸ்பத்திரி அக்கா. அங்கயும் ஒன்னுமில்லன்னு சொல்லிட்டா, கடைய அவகிட்டயே குடுத்துட்டுப் படுத்துடறேன். பேரே இல்லாத சீக்கோட எத்தன வருஷம் சண்ட போடறது."

இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டது அந்தக் கடைதான். அதாவது, காலையில் எழுந்து போக அவளுக்கு இருக்கிற ஒரே இடம்.

3

எங்கள் ஊரில் அழுக்கு உடம்போடு யாரும் டாக்டரிடம் போவதில்லை. சட்டையைத் தூக்கிக் காட்டவேண்டியிருக்கும் என்றால் முந்தின நாளே என்னிடம் வந்துவிடுவார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்னால் வருவார்கள். ஒருத்தி பிரசவ வலி எடுத்த பிறகு வந்து, "சீக்கிரம் முடிங்க சித்தி" என்றாள்.*

பில்சுனுக்கு ஆஸ்பத்திரி எப்போதும் வியாழன். புதன் மத்தியானம் சந்தை விடுமுறை. எனவே புதன்கிழமை என்னிடம், வியாழக்கிழமை டாக்டரிடம். கீழே அவளுடைய சிவப்பு, மேலே நான் தேய்த்த சிவப்பு. டாக்டர் பார்த்தது என் கைவேலையை.

அந்தத் தோல் டாக்டரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். கோபம் வருகிற கதையை எழுதுவது சுலபம். ஆனால் அவர் சொன்னது என்ன? தேய்ப்பதை நிறுத்துங்கள் என்றார். சரியான பேச்சு. அரிப்பு மாத்திரை கொடுத்தார். தோல் தடித்தால் எந்த டாக்டரும் அதைத்தான் கொடுப்பார். பிறகு ஒரு ஊசி போட்டார். பத்து நாள் நன்றாக இருந்தது. மறுபடி வந்தது. அவர் மனுஷன்தான். அந்தக் கெட்டவரை நீக்கிவிட்டேன், கெட்டவர் இல்லாமலே நடந்த கதை இது.

என்னைப் பற்றித்தான் எழுத வேண்டும். தேய்த்த சிவப்பு கை போன வழியே நீளவாக்கில் ஓடும். பில்சுனுடையது நான் கை வைப்பதற்கு முன்பே இருந்தது. காசு அளவில், உள்ளங்கை அளவில், ஓரம் தூக்கலாக, ஒன்றோடொன்று ஒட்டித் தீவுக்கூட்டம் மாதிரி. இன்னொன்று: தடிப்பு உள்ளவர்கள் கட்டிலில் படுத்தால் "அங்கதான், இன்னும் அழுத்தி" என்று கெஞ்சுவார்கள். பில்சுன் ஒருநாளும் கேட்டதில்லை.

"அரிக்கலையா?"

"இல்ல. சூடா இருக்கு, அவ்வளவுதான்."

இதெல்லாம் எனக்கு இரண்டாவது வருடமே தெரியும். அவளிடம் அழுத்திச் சொல்லவில்லை. என் கையைக் காப்பாற்றிக்கொள்ள இட்டுக்கட்டுகிறேன் என்று நினைப்பாளோ என்ற பயம். தேய்க்கிறவள் சொல்லி டாக்டர் கேட்பாரா என்ற கூச்சமும் உண்டு. துணியுறையை மென்மையானதாக மாற்றினேன். அதோடு என் கடமை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

* அந்தப் பிள்ளை இப்போது ராணுவத்தில் இருக்கிறான். கதைக்குச் சம்பந்தமில்லை. ஆனால் நான் அவசரமாகத் தேய்த்த ஒரே ஆள் அவன் அம்மாதான், அதனால் எழுதினேன்.

4

[இந்தப் பகுதியை எடுத்துவிடலாமா என்று நாலு நாள் யோசித்தேன். எடுத்தால் கதை இன்னும் நேராகப் போகும். நானும் நல்லவளாகத் தெரிவேன்.]

நலவாழ்வு மையத்தில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித்தருகிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம். ஓக் டீச்சருக்கு வயது முப்பதுகூட இருக்காது. தினமும் ஐந்து வரி எழுதிவரச் சொன்னார்.

"எனக்குத் தெனமும் ஒரே மாதிரி டீச்சர். முதுகு, முதுகு, முதுகு."

"அப்போ முதுகப் பத்தி எழுதுங்க."

எழுதினேன். பில்சுன் முதுகை, அவளுக்கும் தெரிந்தே. புதன்கிழமை எழுத விஷயம் இருந்தது: எங்கே தடிப்பு, எவ்வளவு, காய்ச்சல் உண்டா. வியாழன் முதல் செவ்வாய்வரை அவளை நான் பார்க்கவே மாட்டேன். வீட்டுப்பாடமோ தினமும். என்ன செய்வது? இட்டு நிரப்பினேன். "இன்று பில்சுன் போன் செய்தாள், தடிப்பு போய்விட்டதாம், மகிழ்ச்சி." அவள் போன் செய்யவில்லை. "இன்று பில்சுனுக்கு இடுப்பில் தடிப்பு, பாவம்." எனக்கு எப்படித் தெரியும்? பதினான்கு மாதத்தில் நாலு நோட்டு. வாரத்தில் ஒரு நாள் உண்மை, ஆறு நாள் பொய். ஓக் டீச்சர் எல்லாவற்றுக்கும் சிவப்பு நட்சத்திரம் போட்டார். அதிகம் நட்சத்திரம் வாங்கியவை பொய் நாட்கள்தான். உண்மை நாட்களில் எழுத்துப் பிழை ஜாஸ்தி, அவசரத்தில் எழுதியவை.

பில்சுன் சொன்ன அந்தக் கடைசி ஆஸ்பத்திரி பெரிய ஊரில், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். மூட்டுவலியும் விடாத காய்ச்சலும் பார்க்கிற பிரிவு. அங்கே டாக்டர் மியோங் என்ற பெண் அவளிடம் கேட்டது இது: எந்த நாள் வந்தது, எத்தனை மணி நேரம் இருந்தது, காய்ச்சல் அதற்கு முன்னாலா பின்னாலா?

பில்சுன் பதில் சொன்னாள்: "முதுக நான் எங்கம்மா பார்த்தேன்? என்னத் தேய்க்கிற அக்கா ஒருத்தி இருக்கா. எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கா. அடுத்த தடவ கொண்டு வரேன்."

திரும்பி வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னாள். நான் ஒரு வாளித் தண்ணீரைக் கட்டிலில் கொட்டிக் கழுவினேன். ஏற்கெனவே கழுவிய கட்டில்.

அதுவரை என் எழுத்தைப் படித்து யாரும் எதுவும் செய்ததில்லை. நட்சத்திரம் போடுவார்கள், அவ்வளவுதான். இப்போது ஒருத்தர் அதை நம்பி மருந்து எழுதப்போகிறார்.

5

நோட்டைக் கொடுப்பதற்கு முன் பென்சிலை எடுத்து உட்கார்ந்தேன். வாரத்துக்கு ஆறு நாள் மேலே கோடு. கிழிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கிழித்தால் மறுபக்கத்தில் எழுதிய உண்மை நாளும் போய்விடும். அதனால்தான் கோடு. [நேர்மையால் என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். தாளின் மறுபக்கம் போய்விடும் என்பதால்தான்.]

அடுத்த வியாழன் நானும் லீவு போட்டு அவளோடு போனேன். ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் உட்கார்ந்து பில்சுன் நோட்டைப் புரட்டினாள். அவள் நடுநிலைப் பள்ளி படித்தவள், வேகமாகப் படிப்பாள்.

"என்ன அக்கா இது, பாதிக்கு மேல அடிச்சிருக்க."

"அதெல்லாம் பொய். நான் பாக்காத நாளு."

"நான் போன் பண்ணேன்னு போட்டிருக்க."

"பண்ணலியே."

"தெரியுது. நான் போன்ல இவ்வளவு மரியாதையா பேசமாட்டேன்." இன்னும் நாலு பக்கம் புரட்டினாள். விரல் ஒரு இடத்தில் நின்றது. "இத ஏன் அடிச்ச?"

அடித்த வரி இது: *பில்சுன் சொன்னாள், முழங்காலுக்குக் கீழே எலும்பை உள்ளேயிருந்து யாரோ இழைப்புளியால் சீவுகிற மாதிரி இருக்கிறதாம்.* பக்கத்தில் இரண்டு நட்சத்திரம்.

"அதுவும் பொய்தான். அன்னைக்கு எழுத ஒன்னும் இல்ல. எனக்குக் கால் வலிச்சிது, உன் பேர்ல போட்டுட்டேன்."

"எனக்கு வலிக்குதே."

"நீ சொன்னதே இல்லையே."

"யார்கிட்டயும் சொல்லல. நாள்பூரா நின்னு மீன் விக்கிறவளுக்குக் கால் வலிக்காம வேற என்ன வலிக்கும்? பிளாஸ்திரி ஒட்டிட்டுப் படுப்பேன்." மறுபடி அந்த வரியைப் பார்த்தாள். "சீவுற மாதிரிதான் இருக்கு. நீ எப்பிடிக் கண்ட?"

காணவில்லை. அதைத்தான் இந்தக் கதை முழுக்கச் சொல்லப் பார்க்கிறேன்.

6

டாக்டர் மியோங்கைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவரை நான் எழுதுகிறபோதெல்லாம் பொறுமையான, கண்ணைப் பார்த்துப் பேசுகிற டாக்டராக வந்து நிற்கிறார். நிஜத்தில் அவர் கணினியைப் பார்த்துத்தான் பேசினார். மேசையில் பாதி தின்ற கிம்பாப் சோற்றுச் சுருள் இருந்தது. ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்டார், முதல் பதில் காதில் விழவில்லை.

ஆனால் கோடு போடாத வரிகளை மட்டும் ஒன்றுவிடாமல் படித்தார். அதுவும் நிஜம்.

"அம்மா, இதுல அரிப்புன்னு ஒரு எடத்துலயும் இல்லையே."

"அரிக்காதும்மா. சூடுதான்."

"வேற எதாவது வலி?"

பில்சுன் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். "காலு," என்றாள். "ஆனா அது நிக்கிறதால. இவளுக்கும் இருக்கு."

"படுத்தா போயிடுமா?"

"எனக்குப் போயிடும்," என்றேன்.

"எனக்குப் படுத்தாத்தான் ஜாஸ்தி," என்றாள் பில்சுன்.

டாக்டர் எழுந்து வந்து அவள் முன்னங்கால் எலும்பில் கட்டைவிரலால் அழுத்தினார். ஐந்து வருடம் என் சொரசொரப்பைச் சத்தமில்லாமல் தாங்கியவள், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

அங்கிருந்து எல்லாம் வேகமாக நடந்தது. ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடச் சொல்லி எழுதினார். தடிப்பு வந்திருக்கும்போது தோலில் ஒரு துளி வெட்டி எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். "எந்த நாள் வந்தாலும் போன் பண்ணிட்டு உடனே வாங்க. ஒன்னு மட்டும். தேய்ச்சிட்டு வராதீங்க."

[வலியைப் பற்றி அவர் எப்படியும் கேட்டிருப்பார். கேட்டார். ஆனால் என் வரியைப் படித்திருக்காவிட்டால் பில்சுன் "ஒன்னுமில்லம்மா" என்று சொல்லியிருப்பாள். அவளை எனக்குத் தெரியும். அதற்காக அந்தப் பொய்யை நல்ல பொய் என்று சொல்லமாட்டேன். நின்று வேலை செய்கிறவள் யாருக்கும் கால் வலிக்கும், குருட்டடியில் பட்டது. அதே நோட்டில் "தடிப்பு ஒரு வாரம் அப்படியே இருந்தது" என்று எழுதிய ஒரு பொய்யும் இருந்தது. அதை அடிக்காமல் கொடுத்திருந்தால் டாக்டர் வேறு நோயைத் தேடிப் போயிருப்பார், அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.]

7

அதற்கு அடுத்த புதன். பில்சுன் வெந்நீர்த் தொட்டிப் பக்கம்கூடப் போகாமல் நேரே கட்டிலுக்கு வந்தாள். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது.

"படுக்கட்டுமா?"

"படுக்காத. திரும்பு."

திரும்பினாள். தோளிலிருந்து இடுப்புவரை.

"இருக்கா?"

"இருக்கு. நெறையா. நல்லா வந்திருக்கு."

"என்னமோ நெல்லு வெளஞ்ச மாதிரி சொல்ற. சரி, லேசா ஒரு தடவ தேய்ச்சி விடு. போயிட்டு வந்துடறேன்."

"மாட்டேன். அந்தம்மா என்ன சொல்லிச்சு?"

"முதுகத் தேய்க்க வேணாம். கை காலு மட்டும். மூணு நாள் காய்ச்சல் வேர்வை அக்கா, அந்தப் பொண்ணு முன்னாடி சட்டையத் தூக்கினா அழுக்கு உருண்டு விழும்."

"விழட்டும். அது கையுறை போட்டிருக்கும்."

"அப்போ நான் மேலத் தெரு குளியலுக்குப் போறேன்."

"போ. அங்க தேய்க்கிறவகிட்ட ஏற்கெனவே சொல்லி வச்சிருக்கேன்."

தொட்டிக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள்: "சித்தி, அவளுக்கு வேணாம்னா நான் படுத்துக்கிறேன். எனக்கு வெக்கம் எல்லாம் இல்ல."

பில்சுன் சிரிக்கவில்லை. துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். "என் வாழ்க்கைல யாருக்கும் முன்னாடி அழுக்கா நின்னதில்ல," என்றாள். இருபத்திரண்டு வருடம் அந்தக் கூச்சம்தான் எனக்குச் சோறு போட்டது.

துணியுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். உடுத்திக்கொண்டு இருவரும் பஸ் ஏறினோம். பஸ்ஸில் அவள் சீட்டில் சாயவே இல்லை, தடிப்பு அழிந்துவிடும் என்று.

நர்ஸிடம் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டாள். டாக்டர் மியோங் முதுகைப் பார்த்தார். "தேய்க்காம வந்ததுக்கு நன்றிம்மா," என்றார். [இதை நான் இட்டுக்கட்டவில்லை. நர்ஸும் கேட்டாள்.]

8

பெயர் வர மூன்று வாரம் ஆனது. தோல் துணுக்கில் கிருமியே இல்லாத இடத்தில் வெள்ளை அணுக்கள் கூட்டமாக நின்றனவாம். ரத்தத்தில் அந்தப் புரதம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்ததாம். அரிப்பில்லாத தடிப்பு, காய்ச்சல், எலும்பு வலி, இந்தப் புரதம், எல்லாம் ஒரே வீட்டில் குடியிருந்தால் அதற்கு ஷ்னிட்ஸ்லர் நோய் என்று பெயர். டாக்டர் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தார். நான்தான் வாய்விட்டுப் படித்தேன், ஒவ்வொரு எழுத்தாக. பில்சுன் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"எதிரியே இல்லாம உடம்பு தானா சண்ட போடுது," என்றார் டாக்டர். "ரொம்ப அபூர்வம். நானே ரெண்டாவது தடவதான் பாக்குறேன்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரி," என்றாள் பில்சுன். "அறையில யாரும் இல்லன்னாலும் கத்திட்டு இருப்பாரு. அவருக்கும் அப்போ பேர் கண்டுபிடிச்சிருக்கலாம்."

பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அழுதாளா என்று கேட்காதீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், முகம் தெரியவில்லை.

9

முடிவுகள்.

முதல் முடிவு: மருந்து வெளிநாட்டிலிருந்து வந்து சேர ஏழு வாரம் பிடித்தது. தினம் ஒரு ஊசி, அவளே வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் ஊசி போட்ட மறுநாள் காலையில் காய்ச்சல் இல்லை. மூன்றாம் நாள் காலில் பிளாஸ்திரி இல்லை. ஒரு கானாங்கெளுத்தியைத் தானே சுட்டு, முள்ளை மட்டும் மீதி வைத்தாள். கடை அவளிடமே இருக்கிறது. இவ்வளவும் நடந்தது. இங்கே நிறுத்தினால் நன்றாக இருக்கும்.

இரண்டாம் முடிவு: இது குணமாகிற நோய் இல்லை. ஊசியை நிறுத்தினால் திரும்பிவிடும். அந்தப் புரதம் சிலருக்கு வருடங்கள் கழித்து ரத்தப் புற்றாக மாறலாம் என்று டாக்டர் சொன்னார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். அடுத்தது இலையுதிர் காலத்தில். நான் அந்தப் பக்கமாக ஒரு பத்தி எழுத ஆரம்பித்தேன்: "அக்டோபரில் ஒரு காலை, டாக்டர் மியோங் தாளைப் பார்த்துவிட்டு —"

[இல்லை.]

மூன்றாம் முடிவை ஓக் டீச்சர் கேட்டார், மையத்தின் ஆண்டு மலருக்காக. நட்பைப் பற்றி ஒரு வரி வேண்டுமாம். பில்சுனிடம் சொன்னேன். இப்போதெல்லாம் சோப்பு நுரை மட்டும்தான் அவளுக்கு, துணியுறை கிடையாது.

"நீ எழுதினது பலிக்குது அக்கா. காலப் பத்தி எழுதின, பலிச்சிது. ரத்தம் நல்லா இருந்துச்சுன்னு எழுதிடு."

"அது என் காலு."

"எழுதினா என்ன கொறஞ்சிடும்?"

"அப்புறம் நீ அத நம்பி டெஸ்ட்டுக்குப் போகமாட்ட."

அவள் தோளில் வழிந்த நுரையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "என்ன நல்லாவே தெரிஞ்சு வச்சிருக்க," என்றாள்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. அக்டோபர் இன்னும் வரவில்லை. நடுவில் உள்ள நாட்களை நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம், உங்கள் கையைப் பிடித்து நிறுத்த என்னால் முடியாது. நிரப்புகிறவர்கள் ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள், அதை யாராவது நம்பி டாக்டரிடம் எடுத்துப்போகக்கூடும். நான் பார்த்ததை எழுதிவிட்டு எழுந்துகொள்கிறேன், கட்டிலுக்கு அடுத்தவர் காத்திருக்கிறார்.

புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணி. வயிற்றில் ஊசி போட்ட இடம் சிவந்திருக்கிறது. முதுகில் ஒன்றும் இல்லை. வியாழன் முதல் செவ்வாய்வரை நான் பார்க்கவில்லை.